சர்க்கரை உள்ளவர்கள் சென்னையில் எதை வாங்கிச் சாப்பிடலாம்? சுண்டல் முதல் 'சுகர் ஃப்ரீ' இனிப்பு வரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சென்னையில் வெளியே வாங்கி, ருசித்துச் சாப்பிடக்கூடியவற்றில் முதலிடம் கடற்கரைச் சுண்டலுக்கு. இரண்டாவது அடை அவியல். கடைசி இடம், 'டயட்', 'ஹெல்த்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிற ராகி மால்ட் டப்பாக்களுக்கு. விலையை வைத்து வரிசைப்படுத்தினால் இந்தப் பட்டியல் அப்படியே தலைகீழாகிவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, தி.நகரிலும் மயிலாப்பூரிலும் சிறுதானியம் இல்லாத மளிகைக் கடையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்ற பெயர் இருந்தாலே அது சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பதைத் தானியத்தின் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. தானியம் முழுசாக இருக்கிறதா, ரவையா, மாவா என்று பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு மொத்தம் எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே பருப்போ காயோ மோரோ போகிறதா என்பதும் முக்கியம். கீழே உள்ள ஒவ்வொன்றையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம். கூடவே ருசியையும். பிடிக்காத சாப்பாட்டை யாரும் பத்து நாளைக்கு மேல் தொடர மாட்டார்கள்.

கிளைசிமிக் குறியீடு என்று மருத்துவர்கள் சொல்வது, ஓர் உணவின் மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதன் அளவு. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு, 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-ம் அதற்கு மேலும் அதிகம் என்று பிரிக்கிறார்கள். கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, காய்ந்த பட்டாணி எல்லாம் 55-க்கு வெகு கீழே. மையாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி, எந்தத் தானியமாக இருந்தாலும், மேல்தட்டை நோக்கி நகர்ந்துவிடும்.

சுண்டல்

மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் விற்கிற தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலில் குறை சொல்ல அதிகம் இல்லை. வெந்த பட்டாணி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், புரதமும் நார்ச்சத்தும் தலா 8 கிராம் அளவில் இருக்கும். தோலும் சதையும் முழுசாக இருப்பதால் செரிமானம் மெதுவாக நடக்கிறது, சர்க்கரை ஏற்றமும் மெதுவாக. தேங்காய்த் துருவலின் கொழுப்பு அதை இன்னும் தாமதப்படுத்துகிறது. மாங்காயின் புளிப்புக்காகவே இன்னொரு பொட்டலம் கேட்கத் தோன்றும். ஒரு பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டால் மாலைச் சிற்றுண்டிக்கு அது தாராளம்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, சோடா மாவு. சீக்கிரம் வேக வேண்டும் என்று அதிகம் போட்டிருந்தால் பட்டாணியின் தோல் தனியாகக் கழன்று, உள்ளே மாவாகக் குழைந்திருக்கும். வாயில் லேசாகச் சவர்க்கார வாடை அடிக்கும். குழைந்த பட்டாணி சீக்கிரம் செரிக்கும், சோடா உப்பின் சோடியம் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. நல்ல சுண்டலில் பட்டாணி விரலால் அழுத்தினால் நசுங்கும், அழுத்தாமல் இருந்தால் உருண்டையாகவே நிற்கும். இரண்டாவது, நேரம். சென்னைப் புழுக்கத்தில் தேங்காய் கலந்த சுண்டல் நாலைந்து மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். கையில் எடுத்தால் நூல் போல இழுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். கூட்டம் அலைமோதும் தட்டில் சரக்கு சீக்கிரம் தீர்ந்து புதிதாக வருவதால் அங்கே வாங்குவது மேல்.

பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜி பொரிகிற வாசனை வரும். கடலை மாவு சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது என்பது உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லதில்லை, சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத்தின் கவலை ஏற்கெனவே கூடுதல்.

வீட்டில் செய்ய: கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராம் ஒருவருக்கு. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு ஐந்தாறு விசில். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் ஒரு மேசைக்கரண்டி. வயிறு ஊதும் என்று பயப்படுபவர்கள் முதல் வாரம் 25 கிராமில் தொடங்கலாம். நவராத்திரியில் வரும் வெல்லக் காராமணிச் சுண்டலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இனிப்புப் பண்டம்தான்.

அடை

டிபன் கடை அடையில் அரிசி எவ்வளவு என்பதுதான் கேள்வி. மொறுமொறுப்புக்காகவும் விலைக்காகவும் அரிசியும் பருப்பும் சரிபாதி போடும் கடைகள் உண்டு, அரிசியை இன்னும் கூட்டுபவர்களும் உண்டு. அடையை விண்டு பாருங்கள். பருப்புத் துகள் கண்ணுக்குத் தெரிந்து, மஞ்சளாக, கரகரவென்று இருந்தால் நல்ல அடை. தோசை மாதிரி வெளுத்து, வழவழப்பாக இருந்தால் அரிசி தூக்கல். உடன் வரும் வெல்லத்தைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள். அவியலை இரண்டாவது முறை கேளுங்கள். அவியலில் உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு குறைவாக இருந்து, முருங்கை, கத்தரி, புடலை, கொத்தவரங்காய் அதிகமாக இருந்தால் அந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அடைக்குச் சரியாக வரும் அளவு இது. இட்லி அரிசி அரை கப், கடலைப்பருப்பு முக்கால் கப், துவரம்பருப்பு முக்கால் கப், பாசிப்பருப்பு கால் கப், உளுத்தம்பருப்பு கால் கப், காய்ந்த மிளகாய் ஐந்து, இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி. அதாவது அரிசி ஒரு பங்கு, பருப்பு நாலு பங்கு. மூன்று மணி நேரம் ஊறட்டும். அதற்குக் குறைந்தால் கடலைப்பருப்பு நடுவில் கடிபடும், வயிற்றிலும் கனக்கும். அரிசியையும் மிளகாயையும் முதலில் ஓட்டி, பருப்பைப் பிறகு போட்டு ரவைப் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். மையாக அரைத்தால் ருசியும் போகும், மெதுவாகச் செரிக்கும் குணமும் குறையும். புளிக்க வைக்க வேண்டியதில்லை. ஊற்றுவதற்கு முன் இரண்டு கை முருங்கைக்கீரையும் நறுக்கிய சின்ன வெங்காயமும்.

அரிசியை இன்னும் குறைத்தால் அடை கல்லில் ஒட்டிக்கொண்டு திருப்பும்போது உடையும். அரை கப்பில் அந்தத் தொல்லை வராது. கல் நன்றாகக் காய்ந்ததும் தீயை மிதமாக்கி, கனமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டையிலும் ஓரத்திலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். பத்துப் பன்னிரண்டு அடை வரும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு.

கூழ் வண்டி

வெயில் காலத்தில் சென்னைத் தெருவோரங்களில் நிற்கும் கூழ் வண்டிகளைச் சர்க்கரை உள்ளவர்கள் தாராளமாக நம்புகிறார்கள். பாதி நம்பலாம். கேழ்வரகுக் கூழ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுகிறார்கள். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, அதில் இந்த மாவை ஊற்றிக் கிளறிக் களியாக்கி, ஆறவைத்து உருண்டையாக எடுத்து வைக்கிறார்கள். நீங்கள் கேட்கும்போது அந்தக் களி உருண்டையைப் பானையில் போட்டு, கையால் பிசைந்து, மோரும் உப்பும் விட்டுக் கரைத்துத் தருகிறார்கள்.

இதில் சாதகமானவை புளிப்பு, ஆறவைத்தது, மோர். பாதகமானவை நொய் அரிசியும் சொம்பின் அளவும். ஒரு பெரிய சொம்பு கெட்டிக் கூழில் 60 கிராம் மாவு இருந்தால், அதிலேயே 40 கிராம் மாவுச்சத்து. மூன்று நாலு இட்லி சாப்பிட்டதற்குச் சமம். குடிக்கிற பொருள் என்பதால் சாப்பிட்ட கணக்கில் வராமல் போய், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் இட்லியும் சாப்பிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

ஆகவே கூழை ஒரு வேளை உணவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அரைச் சொம்பு கூழ், அதே அளவு மோர் கூடுதலாக, நிறையச் சின்ன வெங்காயம். நொய் எவ்வளவு போடுவீர்கள் என்று வண்டிக்காரம்மாவிடமே கேட்டுவிடலாம், சொல்லிவிடுவார்கள். கேழ்வரகா கம்பா என்றால் கம்பு. கம்பில் புரதம் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில், கேழ்வரகில் 7 கிராம். கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகுதான், 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல். மோர்மிளகாயும் கருவாடும் ருசியில் தூக்கி நிறுத்தும், உப்பிலும் அப்படியே, ஆகவே ஒன்றோடு நிறுத்தலாம். மோரில் ஐஸ் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று வண்டிக்காரருக்கே தெரிந்திருக்காது.

பாக்கெட்டில் வருபவை

ராகி மால்ட் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இந்தியாவில் பொருள்களின் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். முதலிடத்தில் ராகி மாவு இருந்து, இரண்டாவதாகச் சர்க்கரையோ நாட்டுச் சர்க்கரையோ வந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின், பேரீச்சம்பழப் பொடி, வெல்லம், தேன், குளுக்கோஸ் சிரப் என்று வருகிறதா பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் நாக்குக்குப் பெரிதாக இனிக்காது, ரத்தத்தில் மட்டும் குளுக்கோஸ் மாதிரியே வேலை செய்யும். பிறகு சத்துப் பட்டியலில் 'ஆடட் சுகர்' என்ற வரி. அங்கே 100 கிராமுக்கு எவ்வளவு என்று படியுங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியைப் பார்த்தால், அவர்கள் சொல்லும் பரிமாறல் நீங்கள் ஆற்றும் டம்ளரில் பாதி கூட இருக்காது.

எதுவுமே சேர்க்காத சுத்தமான மால்ட் என்றாலும் அதன் செய்முறையே பாதகம். கேழ்வரகை முளைகட்டும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி உடைந்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. பிறகு காயவைத்து, வறுத்து, மையாக அரைத்து, தண்ணீரில் காய்ச்சி, பாலோடு குடிக்கிறோம். செரிமானம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி டம்ளருக்கு வரும் முன்னரே முடிந்துவிடுகிறது. வளரும் குழந்தைக்கு அது அருமையான உணவு. சர்க்கரை உள்ளவரின் காலைப் பானத்துக்கு அது பொருந்தாது. இருபது தானியம் போட்ட சத்துமாவுக்கும் இதே தீர்ப்பு. வாங்கிவிட்டீர்கள் என்றால் கஞ்சி காய்ச்சாமல், மூன்று மேசைக்கரண்டி மாவில் அதே அளவுக்குக் கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, கல்லில் ரொட்டியாகத் தட்டிச் சாப்பிடுங்கள்.

முழுச் சிறுதானியப் பாக்கெட்டில் வேறு தொல்லை: தீட்டல். சாமை, வரகு, குதிரைவாலி மூன்றுக்கும் மேல் உமியை நீக்கித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் மெஷினில் விட்டுத் தவிட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளை அரிசியின் தம்பி. ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். தீட்டாத சாமை சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறத்தில், மணிக்கு மணி நிறம் மாறி இருக்கும். தேய்த்தால் உள்ளங்கையில் லேசாகத் தவிடு ஒட்டும். தீட்டியது எல்லா மணியும் ஒரே வெளுப்பாகப் பளபளக்கும், கையில் எதுவும் ஒட்டாது. தீட்டாததில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால் தயாரித்த தேதி பார்த்து, அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், ஃபிரிட்ஜில் வையுங்கள். எந்நேரமும் வெளுப்பாக, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற சிறுதானியத்தில் நீங்கள் காசு கொடுக்கிற நார்ச்சத்து இல்லை.

சோறாக வடிக்க ஒருவருக்கு 40 கிராம், உலர்ந்த எடையில். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு டம்ளரில் கோடு போட்டுவிட்டால் பிறகு தராசு வேண்டாம். அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டேகால் தண்ணீர், சிறுதீயில் மூடி, இறக்கி பத்து நிமிடம் புழுங்க விடுங்கள். தண்ணீர் மூன்று பங்கு போய்விட்டால் குழைந்து கஞ்சியாகிவிடும், மெதுவாகச் செரிக்கும் லாபமும் அதோடு போயிற்று. 40 கிராம் போதவில்லை என்று தோன்றினால் சோற்றைக் கூட்டாமல் கூட்டு, பொரியலைக் கூட்டுங்கள். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே தட்டுக்கு ஏற்றம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

மில்லட் நூடுல்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயரில் தினை இருந்தால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் பாருங்கள். முதலிடத்தில் கோதுமை மாவோ மைதாவோ இருந்தால் அது கோதுமை நூடுல்ஸ்தான். மசாலாப் பொட்டலத்தைப் பாதி போட்டு, ஒரு முட்டையும் இரண்டு கப் காயும் சேர்த்தால் எப்போதாவது சாப்பிடலாம். ராகி பிஸ்கட்டை எங்களால் எந்த வகையிலும் சிபாரிசு செய்ய முடியவில்லை.

இனிப்புக் கடை 'சுகர் ஃப்ரீ'

சர்க்கரை இல்லாமல் பேரீச்சை, அத்திப்பழத்தில் செய்த பர்ஃபியில் சர்க்கரை இருக்கிறது, பழத்தின் சர்க்கரை. பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். விரல் நீளத் துண்டு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, அவ்வளவுதான். மால்டிடால் என்ற மாற்று இனிப்பு போட்டவற்றில் ஏற்றம் குறைவு, ஆனால் மூன்று நாலு துண்டு போனால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு போட்ட மைசூர்பாகிலும் நெய் அதே நெய்தான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் போட்டதால் சர்க்கரை நோய்க்கு ஏற்றது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றுமே சர்க்கரைதான். கருப்பட்டியின் மணம் பிடிக்கும் என்றால் அந்த மணத்துக்காக ஒரு சிட்டிகை, கடுங்காப்பியில்.

இனிப்பு கேட்கும் நாக்குக்கு இதைவிட நல்ல வழி கொய்யா. காயும் பழமுமாக இருக்கும் பதத்தில், தோலோடு, மிளகாய்த்தூள் தூவி. தள்ளுவண்டிகளில் நறுக்கியே தருவார்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகவே.

மருந்தும் மீட்டரும்

இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வரலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, ரத்தச் சர்க்கரை பார்க்கும் வீட்டு மீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் சுண்டல் உதவாது, மெதுவாகச் செரிப்பதே அங்கே பாதகம். உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொன்னால் மருந்தளவை அவர் திருத்துவார். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரையின் அளவையும் அவரே சொல்ல வேண்டும், மேலே உள்ள அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது.

எந்த உணவு உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க வீட்டு மீட்டர் போதும். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. பலருக்கு இரண்டாவது எண் 180-க்குள் இருப்பது இலக்கு, உங்கள் இலக்கை மருத்துவர் வேறாகச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டு வைத்தால் சென்னை ஈரக்காற்றில் ஸ்டிரிப் கெட்டுப்போகும், எடுத்ததும் மூடிவிட வேண்டும்.

இட்லிக்கும் அடைக்கும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒரே நேரத்தில், அதே மருந்தோடு, நடை ஏதும் போகாமல், வேறு வேறு நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டு மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. ஆகவே 150-க்கும் 165-க்கும் இடையில் வித்தியாசம் எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தும் ஒன்று 150 பக்கமும் இன்னொன்று 210 பக்கமும் நின்றால் அது உணவின் வித்தியாசம். அந்தக் குறிப்பை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.